கல்வி உதவி இலக்கணம்

பாயிரம்

நூலுக்கு முன்னே பாயிரம் வைப்பது மரபு. இந்நூலின் எல்லை: வடக்கே தாலுகா அலுவலகம், தெற்கே வங்கிக் கிளை, கிழக்கே இ-சேவை மையம், மேற்கே கல்லூரியின் கேஷ் கவுண்டர். வழி: அவ்வப்போது வெளிவந்த அரசாணைகள், இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரின் வாய்மொழி. மூன்றும் முரண்படும் இடத்தில் கடைக்காரர் சொல்வதே கொள்ளப்படும். கேட்போர்: ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சலிங்கில் இடமும் கிடைத்து, ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி குறிக்கப்பட்ட பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். பயன்: அறம், இன்பம், வீடு மூன்றையும் இந்நூல் தராது. நான்கில் மிஞ்சியதைத் தந்தாலும் செமஸ்டர் முடிந்த பிறகே தரும்.

தலைச்சூத்திரம் ஒன்று உண்டு. வறுமை இருவகைப்படும்: உள்ள வறுமை, ஒப்பமிட்ட வறுமை. முன்னது வீட்டு அடுப்புக்குத் தெரியும். பின்னது அரசின் இணையதளத்துக்குத் தெரியும். முன்னது இருந்து பின்னது இல்லாதவர் ஏராளம். பின்னது இருந்து முன்னது இல்லாதவரும் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் காரில் வந்துதான் சான்றிதழ் வாங்கிப் போவார்கள். இரண்டும் ஒருங்கே அமையப் பெற்றவரே உதவிக்கு உரியர். இனி வருவதெல்லாம் இந்தச் சூத்திரத்துக்கு உரை.

எழுத்து

எழுத்தில் முதலாவது இனிஷியல். தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் தலையெழுத்து ஒன்றுதான் உண்டு. படிவத்திலோ 'சர்நேம்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. எடுத்துக்காட்டுக்கு, முருகேசன் மகள் கயல்விழி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அவள் 'கயல்விழி எம்'. ஆதாரில் 'எம் கயல்விழி'. பான் கார்டில் இனிஷியலை விரித்தே எழுதவேண்டும் என்பதால் 'கயல்விழி முருகேசன்'. பாஸ்புக்கில், கணக்குத் தொடங்கிய அன்று கவுண்டரில் இருந்தவருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் 'முருகேசன் கயல்விழி'. வீட்டில் ஒருத்தி, கணினிக்கு நால்வர்.

இந்த விகாரங்களும் புணர்ச்சி விதிக்கு உட்பட்டவையே. தோன்றல் என்பது ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ஹெச் எங்கிருந்தோ வந்து நடுவில் நிற்பது. திரிதல் என்பது ழகரம் ஓர் ஆவணத்தில் இசட்-ஹெச் ஆகவும், இன்னொன்றில் வெறும் எல் ஆகவும் மாறுவது. கெடுதல் என்பது இனிஷியல் இருந்த சுவடே தெரியாமல் போவது. கயல்விழிக்கு மூன்றும் நேர்ந்தன. தமிழ்ப்பற்றுள்ள தகப்பன் தேடிப்பிடித்து வைத்த தூய தமிழ்ப் பெயர்களுக்கே இந்தச் சோதனை அதிகம் என்பது என் கணிப்பு. ரமேஷ், சுரேஷ் என்று வைத்தவர்கள் சீக்கிரம் கரையேறி விடுகிறார்கள்.

பரிகாரம் நோட்டரி. 'மேற்கண்ட பெயர்கள் யாவும் ஒரே நபரையே குறிக்கும்' என்று முத்திரைத் தாளில் டைப் அடித்து, ஒரு சிவப்பு வில்லையை ஒட்டி அழுத்திக் கொடுப்பார். பாஷ்யம் மேல் பாஷ்யமாக எழுதி சங்கரர் நிறுவிய அத்வைதத்தை இவர் நின்ற நிலையில் நிறுவி, அடுத்தவரைக் கூப்பிடுவார்.

எண்ணும் எழுத்தின் பாற்படும். இ-சேவைக்கு கேன் எண், பள்ளிக்கு எமிஸ் எண், தேசிய ஸ்காலர்ஷிப் தளத்துக்கு ஓடிஆர் எண், எல்லாவற்றுக்கும் தாயாக ஆதார் எண். இங்கே நுட்பமான பேதம் ஒன்று உண்டு. பலர் பணத்தைத் தவறவிடுவது இதில்தான். வங்கிக் கணக்கில் ஆதாரைச் சேர்ப்பது வேறு. அந்தக் கணக்குக்கே அரசுப் பணம் வரட்டும் என்று 'சீடிங்' செய்வது வேறு. பணம் கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆயிற்றோ அதைத் தேடிப் போகும். கயல்விழியின் தோழி ஒருத்திக்கு அது, எப்போதோ சிம் வாங்கப் போன கடையில் கைரேகை வைத்தபோது தானாகப் பிறந்த கணக்கு. ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று அவள் ஓராண்டாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பணமோ அவள் கைப்பேசிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

சொல்

சொல் பெயர், வினை என இரண்டாம். சான்றிதழ்கள் எல்லாம் பெயர்ச்சொல். வங்கி மேலாளர் சொல்வன எல்லாம் வினைச்சொல்.

பெயருள் சாதிச் சான்று இயற்பெயர். ஒருமுறை வாங்கினால் போதும், சாகும்வரை உடன் வரும். வருமானச் சான்று பெயராக இருந்தும் காலம் காட்டும். போன வருடத்துச் சான்றை இந்த வருடம் நீட்டினால் திருப்பித் தருவார்கள். ஆகவே அது வினையாலணையும் பெயர்.

வருமானச் சான்று பிறக்கும் முறையைக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்ததும் விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போகும், பிறகு ஆர்.ஐ., பிறகு தாசில்தார். எல்லாம் ஆன்லைன்தான் என்றாலும் 'ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க' என்று போன் வரும். மேசைக்கு முன்னால் முருகேசன், கையில் மஞ்சப்பை, பைக்குள் ரேஷன் கார்டு.

"என்ன வேலைப்பா பாக்குற?"

"கொத்து வேலைங்க சார்."

"மாசம் எவ்வளவு வரும்?"

"வேலை இருந்தா நல்லா வருங்க. ஐப்பசி, கார்த்திகையில ஒன்னும் வராதுங்க. போன வருசம் சாரத்துல இருந்து விழுந்து நாலு மாசம்..."

"அதையெல்லாம் எழுத இடமில்லப்பா. ஆறாயிரம்னு போட்டுக்கறேன்."

ஆறாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 72,000. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு நெடுங்காலம் இதே 72,000-ஆக இருந்தது. பிறகுதான் 1,20,000 ஆக்கினார்கள். வரம்பு மாறினாலும் கை பழகிய எண்ணை விடுவதில்லை. முருகேசனின் ஐப்பசியும் சாரமும் முறிந்த காலும் அந்த ஐந்து இலக்கத்துக்குள் அடங்கின. வி.ஏ.ஓ.வைக் குறை சொல்லி என்ன செய்ய? சம்பளச் சீட்டு இல்லாத மனிதனின் வருமானத்தை ஒரே கட்டத்தில் எழுது என்றால் தொல்காப்பியராலும் ஆகாது.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்று. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்து, பிள்ளை கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை என்று 2010-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம், லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் பொறியாளரைக் கொண்டுபோய் விட்டது. தத்துவச் சிக்கல் என்னவென்றால், இது இல்லாத ஒன்றுக்குச் சான்று. வைசேஷிகர் 'அபாவம்' என்னும் இன்மையை ஏழாம் பதார்த்தமாகச் சேர்க்கப் பல நூற்றாண்டு வாதாடினார்கள்; வருவாய்த் துறை அதற்குப் படிவமே அடித்து வைத்திருக்கிறது. தாத்தா படிக்கவில்லை, பாட்டி படிக்கவில்லை, அப்பா எட்டாவதோடு நின்றார், அம்மா பள்ளிக்கே போகவில்லை என்று ஒவ்வொருவரின் இன்மையையும் ஒவ்வொரு தாளால் காட்டவேண்டும். பள்ளிக்கே போகாத அம்மாவுக்கு எந்தப் பள்ளியில் போய் டி.சி. வாங்குவது என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. இந்தச் சமயத்தில்தான் சில குடும்பங்களில், அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அண்ணன் வெளிப்படுவான். பட்டம் வாங்கியதற்காக ஒருவன் வீட்டில் திட்டு வாங்குவது அன்று மட்டும்தான்.

இனி வினைச்சொல். வங்கி மேலாளர் 'இல்லை' என்ற சொல்லை ஆளமாட்டார். அது வழக்கொழிந்த சொல். அவர் ஆள்வன மறுப்புப் பொருள் தரும் உடன்பாட்டு வினைகள்.

இட மறுப்பு: "உங்க தெரு எங்க பிராஞ்ச் ஏரியாவுல வராதே." சர்வீஸ் ஏரியாவைக் காரணம் காட்டிக் கல்விக்கடன் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. அது இன்னும் சில கிளைகளின் ஏரியாவுக்குள் வரவில்லை.

கால மறுப்பு: "மார்ச் குளோசிங் முடியட்டும்", "ஆடிட் போயிட்டிருக்கு", "எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு, புது மேனேஜர் வந்ததும் பாருங்க." இதில் கடைசி வகை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை.

ஆள் மறுப்பு: "அப்பாவோட சிபில் சரியில்லையே." முருகேசன் என்றோ டிவிக்குக் கட்டாமல் விட்ட இரண்டு தவணை இங்கே எழுந்து வந்து சாட்சி சொல்லும். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. தகப்பனின் சிபிலை மகள் தலையில் கட்டும் வழக்கம் அதற்குப் பிறகும் நடமாடுகிறது.

குறிப்பு மறுப்பு: "ஒரு எஃப்.டி. மாதிரி ஏதாவது போட்டா நல்லாருக்கும்." மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை ஜாமீன் கேட்கக்கூடாது. 4-க்கு மேல் ஏழரை லட்சம் வரை, மிஞ்சிப்போனால் மூன்றாம் நபர் உத்தரவாதம். அதற்கு மேல்தான் சொத்து. ஆனால் மேலாளர் ஜாமீன் கேட்கவில்லையே, நல்லாருக்கும் என்றுதானே சொன்னார்?

அவர் பக்கமும் நியாயம் உண்டு. வேலை கிடைக்காத பொறியாளர்களின் வாராக்கடன் பட்டியல் மேசைக்குள் இருக்கிறது. கடன் கெட்டால் விசாரணை அவர் கையெழுத்தைத் தேடித்தான் வரும். கொடுக்காமல் விட்டதற்காக எந்த மேலாளரும் மெமோ வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு அரசே 75 சதவீதம் உத்தரவாதம் தரும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. மிச்ச 25 சதவீதத்தை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

பொருள்

பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தெளிந்தபின் பாண்டியன் புலவர்களைத் தேடி ஆளனுப்பியபோது எழுத்தும் சொல்லும் வல்லவர் கிடைத்தார்கள், பொருள் வல்லவர் மட்டும் கிடைக்கவில்லை என்று இறையனார் களவியல் உரை கதை சொல்லும். விண்ணப்பம் போட்ட பிள்ளைகளின் நிலையும் அதுவே.

பொருள் இருவகை: ஸ்காலர்ஷிப், கடன். முன்னதற்கு ஏழையாக இருக்கவேண்டும். பின்னதற்கு ஏழையாக இருக்கக்கூடாது. இந்த விதிதான் நூலின் நடுநாயகம் என்பதால் சற்றே நிற்போம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், ஆங்கிலேயர் காலத்திலேயே தோன்றிய பழந்திட்டம். அதற்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கல்விக்கடனில் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் சலுகை 2009-10-இல் வந்தது. அதற்கு நாலரை லட்சத்துக்குள். ஆகவே காலையில் தாலுகா அலுவலகத்தில் முருகேசன் எவ்வளவு ஏழையோ அவ்வளவு நல்லது. அதே முருகேசன் மாலையில் வங்கிக்குப் போனால், மகளோடு சேர்ந்து கையெழுத்திடும் இணைக் கடன்தாரர். "மாசம் ஆறாயிரம்தான் வருதுன்னா கடனை எப்படிங்க கட்டுவீங்க?" என்று மேலாளர் கேட்பார். கேள்வி சரியானதே. படித்து முடித்து ஓராண்டு கழித்து மகள்தான் கட்டப்போகிறாள், பதினைந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு என்பது திட்டத்தில் இருக்கும் பதில். முருகேசனுக்கு அது தெரியாது. அவர் சங்கடப்பட்டு, "அது சர்ட்டிபிகேட்டுக்குப் போட்டதுங்க, மேல வருங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சான்றும் போயிற்று, சாட்சியும் போயிற்று. ஒரே தகப்பன், ஒரே நாள், இரண்டு வருமானம். இரண்டுமே மெய்யில்லை, இரண்டுமே பொய்யுமில்லை.

சரஸ்வதி இருக்கும் இடத்தில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது ஊர் வழக்கு. இந்தப் பிணக்கைத் தீர்க்க மத்திய அரசு 2015 ஆகஸ்ட் 15 அன்று 'வித்யாலட்சுமி' என்ற பெயரில் இணையதளம் திறந்தது. பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலில் அந்தப் பெயரிலேயே ஒரு சந்நிதி உண்டு; அங்கே அர்ச்சனைத் தட்டை நீட்டினால் கையோடு பிரசாதம் கிடைத்துவிடும். இணையதளத்தில் விண்ணப்பம் போட்டவரோ அச்செடுத்து, ஃபைலில் கோத்து, பழைய கிளைக்கே நடக்கவேண்டும். 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்று புதிய திட்டமும் வந்தது: குறிப்பிட்ட சில நூறு உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவர்க்குப் பிணையில்லாக் கடன், 8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளோர்க்கு 3 சதவீத வட்டிச் சலுகை. முருகேசன் மகள் படிக்கும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பது முருகேசன் கேட்கத் தெரியாத கேள்வி.

பொருள் வரும் பருவம் பற்றி. ஐந்திணையுள் கல்வி உதவிக்கு உரியது முல்லை. இருத்தலும் இருத்தல் நிமித்தமும். சிறுபொழுது மாலை, தளத்தில் 'பெண்டிங்' மாறிவிட்டதா என்று பார்க்கும் நேரம். ஆதிதிராவிட மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் தொகையில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. இரண்டும் ஒரே நாளில் புறப்பட வேண்டும் என்று விதியில்லை. இடையே கல்லூரி அலுவலகத்தோடு மருதம் நிகழும். "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடறேன் சார்" என்று கயல்விழி சொல்ல, "அது எப்ப வருமோ, நீ கட்டு, வந்ததும் நீயே எடுத்துக்கோ" என்று அலுவலகக்காரர் சொல்ல, ஹால் டிக்கெட் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். இந்த ஊடல் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போவதோடு தணியும். கல்வி உதவியில் உண்மையான முதலீட்டாளர் அடகுக் கடைக்காரர்தான். அவர் வருமானச் சான்று கேட்பதில்லை.

எல்லா விதிக்கும் விலக்கு உண்டல்லவா? 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. தொகை சிறிது, ஆனால் கேட்பது 'எந்தப் பள்ளியில் படித்தாய்' என்ற ஒன்றைத்தான். அதற்கு விடை எமிஸ் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 'உன் அப்பா எவ்வளவு ஏழை' என்று கேட்காததால் வி.ஏ.ஓ.வும் வேண்டாம், ஐப்பசியை ஆறாயிரத்தில் அடைக்கவும் வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்க்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதும் இவ்வினமே. இப்படித் தாளைக் குறைத்துக்கொண்டே போனால் என் போன்ற இலக்கண ஆசிரியர்களின் பிழைப்பு என்னாவது என்ற கவலை எனக்கு உண்டு. நல்லவேளை, மற்றத் திட்டங்கள் கைவிடவில்லை.

ஒழிபு

மேலே அடங்காதவை இங்கே. அறக்கட்டளைகள் பலவகை: சாதிச் சங்கத்தார் நடத்துவன, ஊர்ப் பெரியவர் பேரில் நடப்பன, கம்பெனிகள் தம் கடமைக்கு நடத்துவன, நடிகர் பேரில் நடப்பன. சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் போன்ற சில, தன்னார்வலர்களை நேரே வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கின்றன. உள்ள வறுமை, ஒப்பமிட்ட வறுமை என்ற நம் தலைச்சூத்திரத்துக்கு இது புறனடை. கண்ட வறுமை என்று மூன்றாவதைச் சேர்த்துக்கொள்க. இங்கும் ஓர் ஆபத்து. ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் முருகேசன் மனைவி வீட்டைக் கூட்டி மெழுகி, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வந்தவர்களுக்கு அனுபவம் இருந்தால் நாற்காலியில் எழுதியிருக்கும் வேறு வீட்டுப் பெயரைப் படிப்பார்கள்.

வேறு சில அறக்கட்டளைகள் வீட்டுக்கு வருவதில்லை. அவை கேட்பது ஒரு கடிதம்: 'இம்மாணவி வேறு எந்த உதவித்தொகையும் பெறவில்லை' என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு. கயல்விழி அதற்காக ஆபீசுக்குப் போனாள்.

"வேற ஸ்காலர்ஷிப் எதுவும் வாங்கலைன்னு ஒரு லெட்டர் வேணும் சார்."

"வாங்கலைதானே?"

"வரலை சார். அப்ளை பண்ணி ஒரு வருசமாச்சு."

"அப்ளை பண்ணியிருக்கியா? அப்ப வாங்கலைன்னு நான் எப்படிம்மா எழுதித் தர்றது? அது வருமா வராதான்னு அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கோ."